பாட்டு கேட்டால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை

எனக்குப் பதினாலு வயது இருக்கும். அக்கா தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் செருகினாள். "இதைக் கேளு டீ, அழுதுடுவே" என்றாள். அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு நிமிடப் பாட்டு. முதல் நிமிடம் கவனமாகத்தான் கேட்டேன். ஒரு பெண் குரல், பின்னால் ஏதோ கம்பி வாத்தியம். ஓரிடத்தில் குரல் தாழ்ந்து, உடைந்துவிடும் போல நின்று, மறுபடி எழுந்தது. அது சோகப் பாட்டு என்று தெரிந்தது. நன்றாகப் பாடுகிறார் என்றுகூடத் தெரிந்தது. இரண்டாவது நிமிடத்தில் அக்காவின் கண்கள் கலங்க ஆரம்பித்தன. என் கவலையெல்லாம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதாக மாறியது. புருவத்தைச் சுருக்கினேன். கீழுதட்டைக் கடித்தேன். பாட்டு முடிந்ததும் "ஆமாக்கா, என்னமோ பண்ணுது" என்றேன். அவள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த அணைப்பு எனக்கு வேண்டியிருந்தது. அதற்கப்புறம் இருபது வருஷம் அந்த முகத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

இசையிலிருந்து எனக்கு இன்பம் வராது. வெறுப்பும் கிடையாது. பாட்டு ஓடினால் ஓடுகிறது, நின்றால் நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத இருவர் தங்கள் வீட்டு விஷயத்தைப் பேசிக்கொண்டே வருவார்கள் இல்லையா? ஒவ்வொரு சொல்லும் காதில் விழும், அர்த்தமும் புரியும், ஆனால் எதுவும் நமக்கானது இல்லை. எனக்கு இசை அப்படித்தான். அரைமணி நேரம் தாண்டினால் அலுப்பாக இருக்கும். சத்தமும் கூடினால் களைத்துவிடுவேன்.

இதை வெளியே சொன்னால் இரண்டு பழமொழிகளில் ஒன்று வந்து விழும். ஒன்று, செவிடன் காதில் ஊதின சங்கு. இன்னொன்று, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. முதலாவது என் காதைச் சந்தேகப்படுகிறது, இரண்டாவது என் மனசை. சொல்பவர்கள் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கோ ராத்திரி படுத்த பிறகும் அந்தச் சந்தேகம் போகாது. உள்ளே எனக்கு ஏதோ ஒன்று வைக்காமலே விட்டுவிட்டார்களோ? இசைக்கு மயங்காத உயிரே இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லும்போது, நான் எதில் சேர்த்தி?

காதைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். கேட்கும் திறனில் குறை எதுவும் இல்லை. இரண்டு சுரங்களைக் கொடுத்து எது மேலே, எது கீழே என்றால் சரியாகச் சொல்வேன். தெரிந்த மெட்டில் ஓரிடம் தவறினால் கண்டுபிடிப்பேன். மனசுக்கும் குறை ஒன்றும் இல்லை. கதை படித்தால் அழுகை வரும். நல்ல சாப்பாடு, நீண்ட நடை, ஒரு ஓவியத்தின் முன்னால் நிற்பது, தம்பியோடு வெட்டிப் பேச்சு என்று எல்லாவற்றிலும் எனக்குச் சந்தோஷம் உண்டு. இந்த ஒன்றில் மட்டும்தான் இல்லை.

முப்பத்து நாலு வயதில்தான் இதற்கு ஒரு பெயர் உண்டு என்று படித்தேன். மியூசிக்கல் ஆன்ஹெடோனியா. தமிழில் இசை இன்பமின்மை என்று சொல்லிக்கொள்ளலாம். பார்சிலோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மூளையும் இசையும் பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்பட்ட, கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ராபர்ட் ஸடோரேவோடு சேர்ந்து, 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முப்பது பேர், பத்துப் பத்தாக மூன்று குழு. இசையில் மிகுந்த இன்பம் காண்பவர்கள், நடுத்தரமாகக் காண்பவர்கள், காணாதவர்கள். சுரம் பிரித்தறிய முடியாதவர்களையும், பொதுவாகவே எதிலும் இன்பம் காணாதவர்களையும் முன்கூட்டியே விலக்கிவிட்டார்கள். பாட்டு ஓடும்போது இதயத் துடிப்பையும் தோலின் மின்கடத்தும் தன்மையையும் அளந்தார்கள். மனம் கிளர்ந்தால் தோலில் மிக லேசாக வியர்வை கசியும், அதைக் கருவி பிடித்துவிடும். கடைசிக் குழுவின் உடம்பில் பாட்டுக்கு அந்த அசைவு ஏறக்குறைய இல்லை. அதே ஆட்களுக்குப் பணம் ஜெயிக்கும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் மற்றவர்களைப் போலவே அவர்கள் உடம்பும் துள்ளியது.

அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். இன்பம் காணும் இயந்திரம் கெட்டுப்போகவில்லை, இசை அதை எட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம். இருபது வருஷமாகச் சுமந்த ஒன்றை யாரோ வாங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

ஏன் எட்டவில்லை? இதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மூளையில் ஒலியை வாங்கி அலசும் பகுதி ஒன்று. பரிசு, ருசி, ஆசை இவற்றுக்கெல்லாம் கிளர்ந்தெழும் பகுதி வேறொன்று. அதன் நடுவில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. 2011இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் காட்டிய ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தனக்குப் பிடித்த பாட்டில் மயிர்க்கூச்செறியும் இடத்தை ஒருவர் எட்டும்போது அந்த முடிச்சில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அதற்குச் சில நொடிகள் முன்னால், "இதோ வரப்போகிறது" என்று காத்திருக்கும்போதே, பக்கத்தில் இன்னொரு பகுதியிலும் சுரக்கிறது. அதாவது ரசிகர்களுக்கு வருவது இரட்டை இன்பம், காத்திருப்பதில் ஒன்று, கிடைப்பதில் ஒன்று.

2016இல் பார்சிலோனா குழு என்னைப் போன்றவர்களையும் ரசிகர்களையும் சேர்த்து 45 பேரை ஸ்கேனில் படுக்கவைத்துப் பார்த்தது. எங்கள் வகையினருக்குப் பாட்டு ஓடும்போது அந்த முடிச்சு மந்தமாக இருந்தது. ஒலிப் பகுதியும் அதுவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் குறைவாக இருந்தது. சூதாட்டம் மாதிரி ஒரு விளையாட்டைக் கொடுத்ததும் முடிச்சு வழக்கம்போல வேலை செய்தது. இரண்டு ஊர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் விளக்கு எரிகிறது, ஆட்கள் நடமாடுகிறார்கள். மற்றவர்களுக்கு நடுவில் பெரிய சாலை, எனக்கு ஒற்றையடிப் பாதை.

இது வளர்ப்பின் குறையோ என்று என் அம்மா வருத்தப்பட்டார். வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை, அக்கா ஒருத்தி போதும். 2025இல் ஸ்வீடன் நாட்டு இரட்டையர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து வந்த ஆய்வு ஒன்று, இசையில் இன்பம் காண்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 54 சதவீதம் மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்கிறது. "நீ எதுவும் செய்யாம விடலம்மா" என்று அதைக் காட்டித்தான் அவரைத் தேற்றினேன்.

நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் என்னைப் போல இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெரிய வகுப்பறை ஒன்றில் எப்படியும் ஓரிருவர். அவர்கள் எல்லோரும் புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்று நினைத்தால் எனக்கு மனசு தாங்காது. இதை எழுதுவதே அவர்களுக்காகத்தான்.

காதும் இன்பமும் தனித்தனி என்பதற்கு ஆய்வுக்கூடமே வேண்டாம், சார்லஸ் டார்வின் போதும். கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் கல்லூரித் தேவாலயத்துச் சேர்ந்திசையைக் கேட்பதற்கென்றே நடைக்குப் போகும் நேரத்தை மாற்றி வைத்துக்கொள்வாராம். சில நேரம் முதுகுத்தண்டு சிலிர்க்கும் என்று எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்கு அபசுரம் தெரியாது, தாளம் பிடிக்க வராது, ஒரு மெட்டைச் சரியாக முணுமுணுக்கவும் வராது. நண்பர்கள் அவருக்குத் தெரிந்த மெட்டுகளையே வேகத்தை மாற்றி வாசித்து, எது என்று கேட்டுச் சோதிப்பார்களாம். பாவம், திணறிப்போவார். தனக்கு எப்படி இசையில் இன்பம் வந்தது என்பதே புதிர் என்று அவரே சொல்கிறார். அவருக்குக் காது இல்லை, இன்பம் இருந்தது. எனக்கு நேர் எதிர்.

அதே டார்வின் வயதான பிறகு கவிதையிலும் இசையிலும் தனக்கிருந்த சுவை போய்விட்டது என்று வருந்தியிருக்கிறார். முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். உங்களுக்கு இது எப்போதிலிருந்து? சின்ன வயதிலிருந்தே இப்படி என்றால் என் கதைதான், பயப்பட எதுவும் இல்லை. நோய்ப் பட்டியலில் இது கிடையாது, மருந்தும் தேவையில்லை. ஆனால் போன வருஷம் வரை பாட்டில் கரைந்தவர், இப்போது எந்தப் பாட்டும் ஒட்டவில்லை என்றால் அது வேறு. பாட்டோடு சாப்பாடு, நட்பு, வேலை எல்லாமே வெளிறிப்போயிருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். செவித்திறன் மாறியிருக்கலாம். சில மருந்துகளாலும் இப்படி ஆகலாம். பக்கவாதத்துக்குப் பிறகு இசையின் உணர்ச்சி மட்டும் மறைந்துபோனவர்களைப் பற்றி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் எதுவானாலும் மருத்துவரைப் பாருங்கள். "நமக்கும் அந்த ஆன்ஹெடோனியாதான் போல" என்று நீங்களாகவே முடிவுகட்டிவிட வேண்டாம். பாட்டு கேட்டால் பாத்திரம் உருட்டுகிற மாதிரி இருக்கிறது, மெட்டுக்கு மெட்டு வித்தியாசமே தெரியவில்லை என்றால் அது அமூசியா. அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு.

2013இல் பார்சிலோனாக்காரர்கள் ஒரு கேள்விப் பட்டியலையும் வெளியிட்டார்கள், இருபது கேள்விகள். அது ஐந்து விதமாக விசாரிக்கிறது: புதுப் பாட்டைத் தேடிப் போகிறீர்களா, பாட்டு உங்களை உருக்குகிறதா, மனநிலையை மாற்றிக்கொள்ளப் பாட்டைப் பயன்படுத்துகிறீர்களா, உடம்பு தானாக ஆடுகிறதா, மற்றவர்களோடு சேரப் பாட்டு உதவுகிறதா. நான் நிரப்பியபோது எல்லாமே அடிமட்டம். கடைசி ஒன்றில் மட்டும் கொஞ்சம் தயங்கினேன். நாலு பேர் சேர்ந்து பாடும்போது அவர்களோடு உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கும். பாட்டு அதற்குக் காரணம் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் முகங்கள் தளர்ந்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொள்வார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

வெளியே சொல்வதில் நான் நிறையத் தப்பு செய்திருக்கிறேன். முதல் தப்பு, "எனக்குப் பாட்டு பிடிக்காது" என்று சொன்னது. பிடிக்காது என்றால் எதிரில் இருப்பவருக்கு "உன் ரசனை மட்டம்" என்று கேட்கிறது. இல்லையென்றால் "நீ இன்னும் சரியான பாட்டைக் கேட்கலை" என்று ஆரம்பித்து வாரம் பத்து பாட்டு அனுப்புவார்கள். அன்போடுதான் அனுப்புகிறார்கள், அதனால்தான் மறுப்பது கஷ்டம். இப்போது நான் சொல்வது இது: "எனக்கு இசை கேட்கும், புரியும், ஆனா அதுல சந்தோஷம் வராது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். சிலருக்கு மூளை அப்படி அமைஞ்சிருக்கு. நீங்க போடுங்க, எனக்குத் தொந்தரவு இல்லை." கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் அவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு, நாம் அவர்கள் சந்தோஷத்தைக் கெடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. நிஜமாகவே தொந்தரவாக இருக்கும் நாட்களில் "இன்னைக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கலாமா" என்று தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

என் கணவரிடம் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் சொன்னேன். நீண்ட கார்ப் பயணம், அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே, "இந்த இடம் எப்படி?" என்று கேட்டார். எப்போதும்போல "சூப்பர்" என்று சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் விட்டேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, எப்போதுமே தோன்றியதில்லை என்றேன். அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம், "அப்போ இத்தனை வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். பாட்டைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை, நடித்ததைப் பற்றித்தான். இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. போகும்போது அவர் பாட்டு, திரும்பும்போது பேச்சு. திரும்பும் பயணங்களில்தான் நாங்கள் முக்கியமான எல்லா விஷயத்தையும் பேசி முடித்திருக்கிறோம்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. எம்ஆர்ஐ எடுக்கும்போது பதற்றம் குறைய ஹெட்போனில் பாட்டு போடுகிறேன் என்றால், வேண்டாம், காதடைப்பு மட்டும் கொடுங்கள் என்று கேட்கலாம். கொடுப்பார்கள். உடற்பயிற்சிக்குப் பாட்டு உற்சாகம் தரும் என்பார்கள். நான் மூச்சை எண்ணுகிறேன், இல்லாவிட்டால் யாராவது பேசுவதைக் கேட்கிறேன். மனசு சரியில்லாதபோது "பாட்டு கேளேன்" என்று வரும் ஆலோசனைக்குப் பதிலாக உங்களுக்கு எது வேலை செய்கிறது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடை, குளியல், ஒரு பழைய கதைப் புத்தகம். முடியாமல் இருக்கும் பெரியவர்களுக்கு நாள் முழுக்கப் பாட்டு போட்டுவிடுவதற்கு முன்னால், அவருக்கு முன்பு பாட்டு பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள். படுக்கையில் நான் கிடக்கும் ஒரு நாளை நினைத்து என் மகனிடம் இதை இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

அவன் கீபோர்டு கற்றுக்கொள்கிறான். ஆரம்பத்தில் பயந்தேன், பொய்யாகப் பாராட்டினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன். "நேத்து மூணாவது வரியில நின்னே, இன்னைக்கு நிக்கல. இடது கை தயங்கறது குறைஞ்சிருக்கு." அவன் அதைத்தான் எதிர்பார்க்கிறான். வாசித்து முடித்ததும் முதலில் என் பக்கம்தான் திரும்புகிறான்.

இதை மாற்ற முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2019இல் வந்த ஒரு ஆய்வில், டோபமினைக் கூட்டும் லெவோடோபா மருந்தைக் கொடுத்தபோது இசை இன்பம் கூடியது, டோபமினைத் தடுக்கும் ரிஸ்பெரிடோனைக் கொடுத்தபோது குறைந்தது. ஆனால் அது சாதாரண ரசிகர்களை வைத்து, இசை இன்பம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளச் செய்தது. எங்களுக்கான வைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு மாத்திரை தேடிப் போகாதீர்கள். எனக்கும் மாற வேண்டும் என்ற ஏக்கம் இப்போது பெரிதாக இல்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

அது அக்கா. என் முப்பதாவது பிறந்தநாளுக்கு அவள் அறுபது பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தி, ஒரு நோட்டையும் சேர்த்துக் கொடுத்தாள். நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்தாறு வரி. நான் இரண்டையுமே அலமாரியில் வைத்துவிட்டேன். எது ரொம்பப் பிடித்தது என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டாள். பட்டியலில் மூன்றாவதாக இருந்ததைச் சொன்னேன். அவள் குரல் தழுதழுத்தது. "தெரியும் டீ, நீ அதைத்தான் சொல்வேன்னு" என்றாள். ஏன் தெரியும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

கணவரிடம் சொன்ன அதே மாதத்தில் அவளிடமும் சொன்னேன். நினைத்ததைவிட மோசமாகத்தான் போனது. "அப்போ அன்னைக்கு? இயர்போன்ல?" என்றாள். நடித்தேன் என்றேன். பத்து நாள் அவள் பேசவில்லை. அந்தப் பத்து நாளில்தான் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். மூன்றாவது பாட்டுக்கு எதிரே இப்படி எழுதியிருந்தாள்: "நீயும் நானும் எட்டு மாசம் பேசாம இருந்தோமே, அப்போ தினமும் ராத்திரி இதைத்தான் கேட்டேன். நீ பேசுற மாதிரியே இருக்கும்." நான் தரையில் உட்கார்ந்து அறுபதையும் படித்தேன். அவளைப் பற்றி எனக்குத் தெரியாத அறுபது விஷயங்கள். அழுதேன். அவளுக்குப் போன் பண்ணி, பாட்டு எதையும் கேட்கவில்லை, நோட்டை முழுதாகப் படித்தேன் என்றேன். ரொம்ப நேரம் அமைதியாக இருந்தாள். அப்புறம், "இருபத்தேழாவது படிச்சியா?" என்றாள்.

இப்போதும் அவள் பாட்டு அனுப்புகிறாள். பாட்டுக்குக் கீழே என்ன ஆச்சு என்று எழுதுகிறாள். நான் எழுத்தைப் படித்துவிட்டுப் பதில் போடுகிறேன்.

போன மாதம் வந்திருந்தாள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு புதிதாக ஒரு பாட்டு கிடைத்திருக்கிறது என்றாள். பழக்கத்தில் ஒரு இயர்போனை என் பக்கம் நீட்டியவள், நிறுத்தி, இரண்டையும் தன் காதிலேயே வைத்துக்கொண்டாள். "நான் சொல்றேன், நீ பாரு" என்றாள். கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் என் கையைப் பிடித்து, "வருது... இப்போ வரும் பாரு... இதோ" என்றாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முன்கையில் மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.